தண்ணீருக்குள் ஒரு பாட்டு



'ஐம்பது வயசுக்கு மேல் நீச்சலா?' என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். முழங்கால் வலியும் சர்க்கரையும் ஜோடி சேர்ந்து வந்தால் வேறென்ன செய்வதாம்? "நடந்தால் முட்டி வலிக்கிறது என்கிறீர்கள், நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. பேசாமல் நீந்துங்கள். உடம்பு பாரத்தைத் தண்ணீர் தாங்கிக் கொள்ளும்" என்று டாக்டரம்மா சொல்லி விட்டார்.

எங்கள் பகுதி நீச்சல் குளத்தில் காலை பத்து மணிக்குப் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. மூன்று மாதத்தில் ஒரு மாதிரி கற்றுக் கொண்டேன். 25 மீட்டர் குளம். 40 தடவை கடந்தால் ஒரு கிலோ மீட்டர். நான் 20 தடவை கடப்பேன். உடம்புக்கு நல்லது தான், ஆனால் அலுப்பு இருக்கிறதே! தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக் கொண்டே போக வேண்டியது, சுவரைத் தொட வேண்டியது, மறுபடி அதே கோடு. 'காஸை மூடினேனா, பாலை ஃப்ரிஜ்ஜில் வைத்தேனா' என்று மனசு வீட்டுக்கே ஓடி விடும். இந்த அலுப்பிலேயே இரண்டு முறை நிறுத்தி விட்டேன். இரண்டு முறையும் சர்க்கரை ஏறியது.

"அம்மா, ரேடியோ பாடாமல் உனக்குச் சமையலே ஓடாது. நீந்தும் போதும் பாட்டுக் கேளேன்" என்றாள் என் பெண். நல்ல யோசனையாகப் பட்டது. மளிகைப் பணத்தில் சேர்த்து வைத்திருந்த மூவாயிரம் ரூபாயை எடுத்துக் கொண்டு கடைக்குப் போனேன். "இது தண்ணீர் புகுமா?" என்று கேட்டேன். "புகாது மேடம், வாட்டர்ப்ரூஃப்!" என்றார் கடைக்காரர். செல்போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை இழுக்கும் இயர்ஃபோன் அது.

கரையில் நின்ற வரை ஜோராகப் பாடியது. தலை தண்ணீருக்குள் போனதும் கப்சிப்! மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினால் அரை வரி பாடும். அமுக்கினால் ஊமையாகி விடும். திருப்பிக் கொண்டு போனால், "காதில் வைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கையை விரித்து விட்டார்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பொருளுக்குள் தண்ணீர் புகவில்லை தான். நான் கேட்ட கேள்வி தான் தப்பு. "பாட்டு எதற்குள் இருக்கிறது?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பில் சாம்பார் சூடாகிறதல்லவா? ஏறத்தாழ அதே அலைவரிசையில் தான் ப்ளூடூத்தும் வேலை செய்கிறது. சக்தி மட்டும் மிக மிகக் குறைவு. அந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சி விடும். தலை முழுகியதும் கரையிலிருக்கும் போனுக்கும் காதுக்கும் தொடர்பு அறுந்து போகும். ஆகவே பாட்டு தலையில் மாட்டும் சாதனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1979-ல் ஸோனி வாக்மன் வந்த போது கேஸட்டை இடுப்பிலேயே வைத்துக் கொண்டு போனார்களே, அந்த முறை தான்! அட்டைப் பெட்டியில் 'எம்பி3' என்றும், நினைவகம் 4 ஜிபி, 32 ஜிபி என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். 4 ஜிபியிலேயே சுமார் ஆயிரம் பாட்டுப் பிடிக்கும். அது நமக்குத் தாராளம்.

அடுத்தது, பெட்டியில் உள்ள எண். ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வை, தெறிக்கும் தண்ணீர் வரை தான் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் தாங்கும். நீச்சலுக்குக் கடைசி எண் 8 வேண்டும். அதிலும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. குளோரின் தண்ணீரில், கடலில் போடலாமா என்று கையேட்டில் தனியாகப் பாருங்கள். தண்ணீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் உண்டா என்பதையும் கேட்டு விடுங்கள்.

மூன்றாவது விஷயம் நம் காது. எனக்குச் சின்ன வயசில் காதில் சீழ் வந்ததுண்டு. அதனால் காது டாக்டரிடம் போனேன். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களும் சீழ் வடிபவர்களும் டாக்டரைக் கேட்காமல் குளத்தில் இறங்கவே கூடாது என்றார். நல்ல வேளை, என் காது இப்போது நன்றாகவே இருக்கிறது. "எங்க மாமியார் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொன்னாங்க டாக்டர்" என்றேன். "எண்ணெயும் வேண்டாம், ஹேர்பின்னும் வேண்டாம், பட்ஸும் வேண்டாம். தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடிய விட்டு, வெளிக்காதைத் துண்டால் ஒற்றி எடுங்கள், போதும்" என்று கண்டித்து அனுப்பினார். ஈரம் தங்கிய காதைக் குடைந்தால் உள்தோல் கீறி, புண்ணாகி விடுமாம்.

இந்தச் சாதனங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காதுக்குள் அடைப்பது. காதோடு கச்சிதமாகப் பொருந்தி அடைத்தால் தான் பாட்டு நன்றாகக் கேட்கும். சிறிது தளர்ந்தாலும் தண்ணீர் புகுந்து பாட்டு மங்கி விடும். இன்னொன்று எலும்பு வழியாகக் கேட்பது. முறுக்கைக் கடிக்கும் போது நமக்கு மட்டும் அத்தனை சத்தமாகக் கேட்கிறதே, ஏன்? சத்தம் தாடை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. அதே மாதிரி இது காதுக்கு முன்னால் எலும்பின் மேல் உட்கார்ந்து அதிரும். காது திறந்தே இருக்கும். தண்ணீர் போகாமல் காதில் அடைப்பான் வைத்துக் கொண்டாலும் பாட்டு இன்னும் கணீரென்று கேட்கும். ஷாக்ஸ் ஓப்பன்ஸ்விம் தலைக்குப் பின்னால் வளையமாக வரும். ஃபினிஸ் டுவோ நீச்சல் கண்ணாடியின் பட்டையில் செருகுவது. எதுவானாலும் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக் கொண்டு மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பட்டன்களைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் தடவியே தெரிய வேண்டும்.

நான் எலும்பு வழிக் கருவியையே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சிக்கல். மாதச் சந்தா கட்டிப் போனில் இறக்கி வைத்த பாட்டுகள் அந்த ஆப்பை விட்டு வெளியே வராதாம்! கடைசியில் அலமாரியில் தூங்கிய பழைய சிடிக்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, என் பெண் அதில் ஏற்றிக் கொடுத்தாள். உங்கள் வீட்டுச் சிடிக்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு விடாதீர்கள்.

குளத்திலிருந்து வந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் முனை அரித்து விடும்.

கடைசியாக, சொல்லவே கூச்சமாக இருக்கும் ஒன்றையும் சொல்லி விடுகிறேன். கோடை விடுமுறையில் தங்கையின் நாலு வயசுப் பையனைக் குளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆழமில்லாத பக்கம் அவனை விட்டு விட்டுப் படியில் உட்கார்ந்து, பாட்டில் லயித்துக் கண்ணை மூடினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் 'தொப்'பென்று சத்தம். திறந்து பார்த்தால் கோச் அம்மா குதித்து அவனைத் தூக்கிக் கொண்டிருந்தார். என்னிடமிருந்து மூன்றே அடி தூரம்! அவன் கத்தவில்லை, கூப்பிடவில்லை. மூழ்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் கத்த வராது என்பது எனக்கு அன்று தான் தெரிந்தது. இருமி இருமி அப்புறம் 'ஓ'வென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகு தான் எனக்கு உயிர் வந்தது.

கை நடுங்க அந்தக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டேன். காது திறந்திருந்து என்ன பயன், கவனம் மூடியிருந்ததே!

அதனால் சொல்கிறேன்: குழந்தை தண்ணீரில் இருந்தால் பாட்டு வேண்டவே வேண்டாம். கண் குழந்தை மேலேயே, கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். தனியாகப் போகும் நாளில் தாராளமாகக் கேளுங்கள். அதுவும் விசில் சத்தம் காதில் விழும் அளவுக்குத் தான்.

இப்போது எட்டு மாதமாக ஒரு வாரம் விடாமல் போகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தடவைகளை எண்ணுவதில்லை, எட்டுப் பாட்டு முடிந்தால் கரையேறி விடுவேன். போன வாரம் ஒன்பதாவது பாட்டும் ஆரம்பித்து விட்டது. பிடித்த பாட்டாயிற்றே, நடுவில் விட மனசு வருமா?