பூங்காவுக்கென ஒதுக்கிய இடம்: விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்



10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பத்திரம் பதிவானதோடு பல இடங்களின் கதை முடிந்துவிடுகிறது. வேலியில்லாத மனையில் முதலில் கட்டட இடிபாடு விழும், பிறகு குப்பை, அடுத்த மழைக்குச் சீமைக் கருவேலம். விருதுநகர் மாவட்டத்தில் கருவேலத்துக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை.

இத்தகைய நிலத்தை மக்களே மீட்டதற்குச் சென்னை கோட்டூர்புரம் மரப் பூங்கா நல்ல சான்று. அடையாற்றங்கரையில் பொதுப்பணித் துறையின் அந்த நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. 2006-இல் ‘நிழல்’ அமைப்பு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு அங்கே நாட்டு மரங்களை நடத் தொடங்கியது. நிலம் அரசிடமே இருந்தது. பராமரிப்பு தன்னார்வலர் கைக்கு வந்தது.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் இதே வேலைக்குச் சில உள்ளூர் நியதிகள் உண்டு. கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை இம்மண்ணுக்குப் பழகியவை. திருவில்லிபுத்தூர் அருகிலுள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் ஓய்கிற சமயத்தில் குழி தயாராக இருந்தால், ஐப்பசி மழையில் கன்று வேர் பிடிக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நடும் நாளில் பெயர்ப்பலகை, பச்சை வலை, புகைப்படம் எல்லாம் கிடைத்துவிடும். சித்திரையில் தண்ணீர் லாரி கிடைக்காது. இரண்டு, மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றி, தூரில் சருகு மூடாக்குப் போட்டு, ஆடுமாட்டிடமிருந்து காத்தால்தான் கன்று மரமாகும்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக்க முனைகிறது. ஊருக்குள் அதற்குத் தடையாக நிற்பது கன்றுப் பஞ்சமில்லை. எந்த மனை யாருடையது என்பதே தெருக்காரர்களுக்குத் தெரியாததுதான். திறந்தவெளி மனைகளின் புல எண்களை வார்டுவாரியாக வெளியிடுவது ஆட்சியர் நிர்வாகம் எளிதில் செய்யக்கூடியது. அடுத்து, எழுத்துமூல ஒப்பந்தம்: நிலம் உள்ளாட்சியுடையது, பராமரிப்பு தெருக்காரர்களுடையது, கோடைத் தண்ணீர் நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. வாயிலைப் பூட்டிச் சாவியைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் அதில் இடம் தரக்கூடாது. மரம் தழைத்தபின் அதே மனையில் மேல்நிலைத் தொட்டி கட்ட முடிவாவதும் உண்டு. ஆகவே ஒப்பந்தக் காலத்தில் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதானால் முன்கூட்டியே பொது அறிவிப்பு வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் சேர வேண்டும்.