ஆரணி அட்டையும் கொடைக்கானல் சூரியனும்

பட்டுக்குப் பேர் போன ஊர் ஆரணி. அங்கே தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் அட்டைகள் மாலை போலத் தொங்கும். அட்டை முழுவதும் துளைகள்!

துளை இருந்தால் அந்தப் பாவு நூல் மேலே எழும்பும். இல்லாவிட்டால் எழும்பாது. இப்படித்தான் சேலையில் மயிலும் மாங்காயும் விழுகின்றன.

அட்டை வரிசை மாறினால்? மயிலின் கழுத்து காலுக்குப் போய்விடும்! அதனால்தான் எண் போட்டு, கயிற்றால் கோத்து வைக்கிறார்கள்.

இந்த அட்டையைக் கம்ப்யூட்டருக்குப் பாட்டன் என்று சொல்லலாம். பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-ம் ஆண்டு வாக்கில் இதைத் தறியில் பொருத்தினார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை, துளை போட்ட அட்டைகளில் பதிந்து, எந்திரத்தால் எண்ணிக் காட்டினார் ஹாலரித்.

நூறு ஆண்டுச் சூரியன்

கொடைக்கானல் மலையில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். பழைய படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுத்தவை.

சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை அவை பெருகிக் குறைகின்றன. ஒரு மனிதர் தம் ஆயுளில் ஏழெட்டுத் தடவைதான் அதைப் பார்க்க முடியும். ஆகவே, தாத்தா காலத்துப் படம் பேரன் காலத்து விஞ்ஞானிக்கு வேண்டும்.

அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். தேதியைக் கொடுத்துப் பழைய சூரியனைத் தேடிப் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை அது!

ஆனால், அன்றைக்கே ஒருவர் ஒவ்வொரு தகட்டுக்கும் தேதியும் நேரமும் குறித்து வைத்தாரே, அவர் இல்லாவிட்டால்? எல்லாம் வெறும் கண்ணாடிதான்.

பெரிய தொலைநோக்கிக்குத் திறப்பு விழா நடக்கிறது. பட்டியல் எழுதுகிறவருக்கு மாலை போடுவார் இல்லை. இது நியாயமா? ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைப் பதிவேட்டுக்கென்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

கரையானுக்கு முன்னால்

ஆரணிக்கும் இது பொருந்தும். பழைய டிசைன் அட்டையைக் கரையான் தின்றால், ஒரு சேலைக் கரையே மறைந்துவிடும். அட்டைகளை வரிசையாகப் படம் எடுக்கலாம். டிசைன் பெயர், நெய்த ஆண்டு, பெட்டியின் அளவு, நெய்தவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், செல்போனிலேயே தொடங்கிவிடலாம்.

ஆனால், ஊருக்கெல்லாம் திறந்து வைத்தால், ஆரணி மயில் வேறு ஊர் விசைத்தறியில் ஆடும்! சூரியன் எல்லோருக்கும் பொது. டிசைன் அப்படியல்ல. அதன் சாவி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்கட்டும்.