கண்ணுக்குள் கரையும் குச்சி: கரைந்துவிட்டால் ஆபத்து இல்லையா?

சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கி, பார்வை மங்கியவர்களுக்கு ஓர் ஊசி சிகிச்சை உண்டு. சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத மருந்துக் குச்சியை ஊசி வழியாகக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். 'இதை எப்போ டாக்டர் வெளியே எடுப்பீங்க?' என்று கேட்டால், 'எடுக்கவே வேண்டாம், தானா கரைஞ்சிடும்' என்பார்கள்.

உண்மைதான். ஆனால், கரைவதற்குள் என்ன நடக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குச்சி எதனால் ஆனது?

பெயர் பிஎல்ஜிஏ. உடலில் உள்ள ஈரம் பட்டுப்பட்டு லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் என உடைந்து, கடைசியில் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறிவிடும். லாக்டிக் அமிலம் நம் தசைகளே தயாரிக்கிற பொருள்தான். அறுவை சிகிச்சையில் பிரிக்கத் தேவையில்லாத தையல் போடுகிறார்கள் இல்லையா? அதே குடும்பத்துப் பொருள். பல பத்தாண்டுகளாகப் பழகியது.

2009இல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்த 'ஓசுர்டெக்ஸ்' இந்த வகைதான். உள்ளே இருப்பது 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சர்க்கரை நோயாளிகளிடம் 3 ஆண்டுகள் நடந்த 'மீட்' ஆய்வில், இயற்கை லென்ஸ் உள்ள கண்களில் 67.9 சதவீதத்தில் கண்புரை தொடர்பான பாதிப்பு வந்தது. ஊசி போடுவதுபோல பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களிடம் இது 20.4 சதவீதம். கண் அழுத்தமும் சிலருக்கு ஏறியது. இரண்டுமே ஸ்டீராய்டின் வேலை. பாலிமர் மேல் பழி இல்லை.

அப்போ பாலிமர் நல்ல பிள்ளையா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. கண்புரை அறுவையின்போது லென்ஸின் பின்பக்க உறை கிழிந்துபோனவர்களுக்கு, பின்னால் வைத்த குச்சி நழுவிக் கண்ணின் முன்பக்கம் வந்துவிடலாம். வந்தால் கருவிழியில் உரசும், கருவிழி வீங்கும். முற்றினால் கருவிழி மாற்று அறுவை வரை போகலாம். 'கரையட்டும்' என்று மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. பெரும்பாலும் சீக்கிரமே அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் உறை கிழிந்தவர்களுக்கு இதைப் போடக் கூடாது என மருந்துக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இன்னும் தெளிவான உதாரணம் 'டுரிஸ்டா'. கிளாகோமா நோயாளிகளில் பலர் தினமும் சொட்டு மருந்து போட மறந்துவிடுகிறார்கள். அதற்கு மாற்றாக, 10 மைக்ரோகிராம் பிமாடோபிராஸ்ட் மருந்துள்ள துணுக்கைக் கண்ணின் முன்பகுதியிலேயே வைக்கிறார்கள். பரிசோதனைகளில் 16 வாரத்துக்கு ஒன்று என மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், மருந்து தீர்ந்த பிறகும் பாலிமர் மிச்சம் இருந்தது. பழையது கரைவதற்குள் புதியது வந்து சேர, ஒரே கண்ணில் துணுக்குகள் குவிந்தன. இரண்டாவது, மூன்றாவது முறைகளில் கருவிழியின் உள்பக்கச் செல்கள் கூடுதலாக இறந்தன.

இந்தச் செல்கள்தான் கருவிழியில் சேரும் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை. போனால் போனதுதான், மறுபடி வளராது. எனவே 2020 மார்ச்சில் அனுமதி கொடுத்தபோதே, ஒரு கண்ணுக்கு ஒரே ஒரு முறைதான் என்று எஃப்டிஏ கட்டுப்பாடு போட்டது. வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவைப்படும் நோய்க்கு, ஒரே முறை மட்டும்! இத்தனைக்கும் அது அதே பழகிய பிஎல்ஜிஏ வகைப் பாலிமர்தான். தையலாகத் தோலுக்கடியில் சாதுவாக இருக்கும் பொருள், கருவிழிக்குப் பக்கத்தில் வேறு கதை.

(2018இல் ஓசுர்டெக்ஸின் சில தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன. காரணம் மருந்தும் இல்லை, பாலிமரும் இல்லை. ஊசியின் உறையிலிருந்து உதிரக்கூடிய சிலிகான் துகள்.)

யாராவது இந்த ஊசிக்குத் தயாராகிறீர்கள் என்றால், முன்பு கண்புரை அறுவை நடந்ததா, அப்போது உறை கிழிந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஊசிக்குப் பிறகு கண் அழுத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். திடீரென வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.