கூர்மையும் ஓர் அமானிதம்

 

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால், ஆடு வாங்கியாயிற்றா, மாட்டுக்குப் பங்கு சேர்ந்ததா என்பது ஆண்களின் பேச்சாக இருக்கும். அடுப்படியில் எழும் கேள்வி வேறு. "கத்தி வெட்டுமா?" என்பதே அது. பெருநாளன்று இறைச்சி வந்து குவிந்த பிறகுதான், ஒரு வருடமாகப் பரணில் கிடந்த கத்தி கறள் பிடித்து மொட்டையாகி இருப்பது பலருக்குத் தெரிய வருகிறது.

கத்தி தீட்டுவதெல்லாம் மௌலவி எழுத வேண்டிய விஷயமா என்று எண்ணிவிடாதீர்கள். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எல்லாக் காரியங்களையும் அழகுறச் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதற்கு உதாரணமாக எடுத்துக் கொண்டது அறுப்பவனின் கத்தியைத்தான். அதை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்பதே அந்தப் போதனையின் கருத்து.

இன்னொரு செய்தியும் அதே நூலில் உண்டு. கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்றை உழ்ஹிய்யா கொடுக்க முனைந்தபோது, நபி (ஸல்) அவர்கள் கத்தியை எடுத்து வரும்படியும் அதைக் கல்லில் தீட்டும்படியும் சொன்னது யாரிடம் தெரியுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம். ஆகவே கத்தி தீட்டும் கலை ஆண்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கிவிட நமக்கு இடமில்லை. ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரை நபியவர்கள் கண்டித்ததாகவும் அறிவிப்பு உண்டு. தீட்டும் வேலை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

சரி, வீட்டில் தீட்ட முடியாததை யாரிடம் கொடுப்பது? யாழ்ப்பாணத்தில் நமக்கு இந்தக் கேள்வி சற்றுக் கனமானது. சோனகத் தெருப் பகுதியில் தையற்காரர், இறைச்சிக்கடைக்காரர், இரும்பு வியாபாரி என்று கூர்மையும் இரும்புமாகப் பிழைத்தவர்கள் நம்மிடையே பலர் இருந்தார்கள். எந்தக் கம்மாலைக்காரர் பதமறிந்தவர் என்று அவர்களைக் கேட்டால் போதும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் அந்தச் சமூகம் முழுவதும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. வீடும் கடையும் நகையும் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எதை யாரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்ற அறிவும் அன்று கூடவே போயிற்று. 2002 போர்நிறுத்தத்தின் பின்னும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் திரும்பி வந்த குடும்பங்கள் அதை ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவரிடம் இருப்பது தாயாரின் கத்தரிக்கோல். 1990இல் துணிகளுக்குள் சுற்றிப் புத்தளத்துக்குக் கொண்டு போனது. அகதி முகாமில் அந்தத் தாய் பிறருக்கு உடுப்புத் தைத்து உலையேற்றியது அந்தக் கத்தரிக்கோலால்தான். ஊர் திரும்பிய சில வருடங்களில், பெருநாள் தையல் குவிந்திருந்த நேரம், தெருவில் வந்த ஒருவரிடம் அவசரத்தில் அதைச் சாணை பிடிக்கக் கொடுத்தார். மின்சாரச் சக்கரத்தில் தீப்பொறி பறந்தது. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. பளபளப்பாகத்தான் இருந்தது. துணியில் வைத்தால் வெட்டவில்லை, மடித்துக் கடித்தது. வாய் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது.

பல நாள் அதைப் பெட்டிக்குள் வைத்து அழுதார். பிறகு இறைச்சிக்கடைக்காரர் ஒருவரிடம் விசாரித்து, தமிழ்ச் சகோதரர் ஒருவரின் கம்மாலைக்குப் போனார். அந்தப் பெரியவர் கத்தரிக்கோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிள்ளை, இதை உட்பக்கத்திலையும் உரசிப்போட்டாங்கள். முழுக்கப் பழையபடி வராது. செய்து தாறன், வெட்டாட்டிக் காசு தர வேண்டாம்" என்றார். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். முனை வரை வெட்டியது. பேசிய கூலிக்கு மேல் கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

நம்பகமான தொழிலாளியின் அடையாளம் இதுதான் சகோதரிகளே! முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்கிறார். வாக்களித்ததைச் செய்கிறார்.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில வழிகளைச் சொல்கிறேன். கூர்மையால் பிழைக்கும் தையற்காரரையும் இறைச்சிக்கடைக்காரரையும் கேளுங்கள். முதலில் ஒரு சாதாரணக் கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். வேகச் சக்கரம் பாவிப்பவரானால் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறதா, அடிக்கடி நனைக்கிறாரா என்று கவனியுங்கள். இரும்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் நீலம் பாயும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும், தீட்டினாலும் கூர் நிற்காது. கத்தரிக்கோலில் சரிவான வெளிவாயை மட்டுமே தீட்ட வேண்டும். தட்டையான உட்பக்கத்தை உரசினால் இரண்டு அலகும் ஒட்டி ஓடாது. திரும்பப் பெறும்போது அங்கேயே மெல்லிய துணியை முனை வரை வெட்டிப் பாருங்கள்.

கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஷரீஅத்தும் அதையே வேண்டுகிறது. வேலை முடிந்ததும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். தொழிலாளியின் கையில் அது அமானிதம். அவர் கவனக்குறைவாகவோ வரம்பு மீறியோ கெடுத்தால் ஈடு செய்ய வேண்டும். அவர்மேல் குற்றமில்லாமல் பழுதானால் ஈடு கேட்க முடியாது என்பதே நமது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. ஆகவே பழைய விரிசலையோ ஆணித் தளர்வையோ கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் சண்டை பிடிப்பது நமக்கு அழகல்ல.

பஸ்ஸில் கத்தி கொண்டு போகிறீர்களா? தடித்த துணியில் சுற்றிக் கட்டுங்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்புடன் நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நபிமொழியின் கட்டளை. பிறருக்குக் காயம் படக்கூடாது என்பதே காரணம்.

வீட்டிலேயே பழக விரும்பும் சகோதரிகள் ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லை நனைத்து, கத்தியின் முதுகைச் சற்றே உயர்த்தி, அதே சரிவில் இரு பக்கமும் சம அளவில் தீட்டுங்கள். சரிவு மாறினால் கூர் வராது. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையமும் உதவும். தீட்டிய பின் கழுவித் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான் என்கிறது ஸபஃ அத்தியாயம். கவசங்களை அளவாகச் செய்யும்படியும் அங்கே அவருக்குக் கட்டளை வருகிறது. அரசராக இருந்தும் தம் கையுழைப்பால் உண்டவர் அவர். இரும்பில் அளவறிந்து உழைக்கும் ஒவ்வொரு கையையும், அது எந்தச் சமயத்தவரின் கையானாலும், நாம் கண்ணியப்படுத்த வேண்டும். இழந்த நம்பிக்கைகளை இந்த மண்ணில் மீண்டும் கட்டுவதும் இப்படிச் சிறிய கொடுக்கல் வாங்கலில்தான் தொடங்குகிறது.

வரும் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கத்தியைப் பரணிலிருந்து இறக்குங்கள். நமது செயல்கள் அனைத்தையும் அழகாக்கி, நமது அமானிதங்களைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.