எலும்பு ஏத்துக்குமா?

செகண்ட் ரிவ்யூல பேனலில் இருந்த மேடம் எங்க டீமைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இந்த மெட்டீரியலை எலும்பு ஏத்துக்குமா?" எங்ககிட்ட ஹார்ட்னஸ் வேல்யூ இருந்தது, கம்ப்ரஷன் டெஸ்ட் கிராஃப் இருந்தது. பதில் மட்டும் இல்லை.

நாலு வருஷமா நமக்குப் பழகிப்போன கணக்கு இது: உறுதியாக இருக்கணும், எதோடும் வினைபுரியக் கூடாது, அதுதான் நல்ல மெட்டீரியல். உடம்புக்குள்ளே இந்தக் கணக்கு பாதிதான் சரி என்பது என் கருத்து.

அலுமினாவை எடுத்துக்கோங்க. ரொம்பக் கடினம், அரிக்காது, தேய்மானம் குறைவு. செயற்கை இடுப்பு மூட்டின் பந்துக்கு அருமையான பொருள். ஆனா அதையே எலும்புக்குள் பதித்தால், உடம்பு அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைக் கட்டிவிடும். சண்டையும் இல்லை, உறவும் இல்லை. அசைவு இருந்தால் அந்த உறை தடித்து, இம்பிளாண்ட் ஆட ஆரம்பிக்கும்.

1969-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் வேறு மாதிரி யோசித்தார். அவர் செய்த பயோகிளாஸில் எடைப்படி 45 சதவீதம் சிலிக்கா. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடல் திரவம் பட்டதும் சோடியம் வெளியேறும், மேற்பரப்பில் சிலிக்கா ஜெல் உருவாகும். அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் கனிமம் போன்ற அபடைட் படலம் வளரும். கொலாஜன் இழைகள் அதில் பின்னிக்கொள்ளும். எலியின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தபோது, அதைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை. கொஞ்சம் கரைந்ததால்தான் அது ஒட்டியது!

அதுக்காக எல்லாத்துக்கும் பயோகிளாஸ் போதும்னு சொல்ல வரலை. கண்ணாடி உடையும், நடக்கும்போது தொடை எலும்பு தாங்குற பாரத்தை அது தாங்காது. அதனால்தான் டைட்டானியம் தண்டின்மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு கொடுக்கிறார்கள். சுமையை உலோகம் பார்த்துக்கும், எலும்போடு ஒட்டுறதை செராமிக் பார்த்துக்கும்.

ஜூனியர்ஸுக்கு ஒண்ணு சொல்றேன். ப்ராஜெக்ட் தலைப்பில் 'பயோ' சேர்த்தால், ஸ்ட்ரெங்த் டெஸ்டோடு நிறுத்தாதீங்க. செயற்கை உடல் திரவத்தில் 37 டிகிரியில் சாம்பிளை ஊறவைத்து, மேலே அபடைட் வருதான்னு பாருங்க. அது மட்டுமே எலும்பு ஏத்துக்கும் என்பதற்கு நிரூபணம் ஆகாது. உயிருள்ள செல்களோடு செய்யும் சோதனைகள் அதுக்கப்புறம் இருக்கு. ஆனா எங்களை மாதிரி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியிருக்காது. எங்க சாம்பிள் திங்கட்கிழமை ஊறப் போகுது.