பொருளியல் பாடம் சந்தைக்குப் போகட்டும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பள்ளிக்கல்வித் துறை, தாம்பரம் மாநகராட்சி, தென்சென்னைப் புறநகரின் தலைமையாசிரியர்கள், கல்லூரிப் பொருளியல் துறைகள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் வட்டாரத்துப் பெற்றோரும் மேல்நிலை மாணவரும் பொருளியல் ஆசிரியர்களும் முன்வைப்பது.

எங்கள் பிள்ளைகள் தேவை விதியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறிக்கு விலை எப்படிப் படிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். புக் பேக் கேள்வியும் கைடும் போதும் என்று பழக்கியவர்கள் நாம்.

இத்தனைக்கும் மாணவரை வெளியே அனுப்பிப் பொருளியல் கற்பித்த பல்கலைக்கழகம் நம்முடையது. 1915இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று அவர்கள் விசாரித்து எழுதியவை 1918இல் நூலாயின. அந்தக் கிராமங்களில் ஒன்றான இருவேல்பட்டுக்குப் பிந்தைய ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பப் போனார்கள். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் படித்தார், பொருளியலாளர் சி.டி. குரியன் பாடம் நடத்தினார். அந்த ஊரின் பள்ளிகளில் பொருளியல் மனப்பாடமாகச் சுருங்கியிருப்பதை ஏற்க முடியாது.

முதல் கோரிக்கை, அகமதிப்பீடு பற்றியது. இயற்பியலுக்கு ஆய்வகம் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. பொருளியலுக்கு 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 மதிப்பெண் அகமதிப்பீடு; அந்தப் பத்திலும் வருகைப்பதிவுக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. ஆண்டுக்கு ஒரு கள ஆய்வைக் கட்டாயமாக்கி, பத்தில் பாதியையாவது அதற்கு ஒதுக்குங்கள். களத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பல்லாவரம் சந்தையில் பேரம் முடித்துத் திரும்புபவரிடம், எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருந்தீர்கள் என்று கேட்டால் நுகர்வோர் உபரி விளங்கிவிடும். நைஜீரியாவுக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' நெய்து அனுப்பிய அனகாபுத்தூரில் தறிகள் ஏன் குறைந்தன என்று விசாரித்தால் அது பன்னாட்டு வாணிபப் பாடம். பம்மல், நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததற்கு யார் விலை கொடுத்தார்கள்? புறவிளைவு என்ற சொல்லை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் மறக்காது.

களத்துக்குப் போகும் செலவை ஆசிரியரின் தலையில் கட்டாதீர்கள். பேருந்துக் கட்டணத்துக்குப் பள்ளிக்கு ஒரு சிறு நிதி வேண்டும். காலியாக இருக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடங்களில் பொருளியல் படித்தவர்களையே நியமிக்க வேண்டும். இதை எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். வார்டு வாரியாக வரி வரவையும் செலவையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பள்ளிகளுக்குத் தாருங்கள். பட்ஜெட் கூட்டத்தை மாணவர்கள் நேரில் பார்க்க அனுமதியுங்கள். 1984 முதல் தாம்பரத்தில் இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் மதிலை மட்டுமே பார்த்து வளர்கிறவர்கள் அவர்கள். உள்ளே அழைத்துப்போக மண்டல நிர்வாகத்திடம் மாநகராட்சியே பேசட்டும்.

கடைசிக் கோரிக்கை, வீட்டுக் கணக்கு. மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்ற பேச்சை நம்பி மோசடிப் புகாருக்கு உள்ளான ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ரூ.2,438 கோடி போட்டதாகக் காவல்துறை சொல்கிறது. மாதம் 30 சதவீதக் கூட்டுவட்டியில் ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தொழில் அவ்வளவு ஈட்டும் என்று கேட்கத் தெரிந்த ஒரு பிளஸ் டூ பிள்ளை வீட்டில் இருந்தால் அப்பாவின் பி.எஃப். பணம் தப்பியிருக்கும். வட்டி, பணவீக்கம், கடன் செயலி, கல்விக் கடன் ஆகியவற்றை காமர்ஸ் குரூப்புக்கு மட்டும் விடாமல், 9, 10ஆம் வகுப்பில் எல்லோருக்கும் கணக்குப் போட்டே கற்பியுங்கள்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தச் சாசனத்தைப் படித்துத் தீர்மானமாக்குங்கள். ஒரு நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மற்றொன்றை உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வையுங்கள்.