ஐந்தாண்டுக் கணக்கும் நம் ஊர் நெஞ்சும்

நுரையீரலில் புற்று என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி 'ஆள் பிழைப்பாரா?' என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன் இதற்கு விடை பெரும்பாலும் மருத்துவரின் மௌனம். இன்று கைப்பேசியில் ஒரு விழுக்காடு கிடைத்துவிடுகிறது: ஐந்தாண்டு பிழைத்திருப்போர் நூற்றுக்கு இத்தனை பேர். கண்ட மாத்திரத்தில் அதைத் தீர்ப்பாக வாசித்துவிடுகிறோம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று கேட்பதில்லை. அதிலும் வயது என்னும் கட்டத்தை நம் வீடுகளில் பயன்படுத்தும் விதம் கவலை தருவதாக இருக்கிறது.

பிழைப்பு என்ற சொல்லுக்கு உயிர் தரித்தல் என்றும் வயிற்றுப்பாடு என்றும் இரு பொருள். நாகல் நகர்க்காரர்களான நமக்கு இரண்டாவது பொருள் புகையிலை வாசத்தோடுதான் வரும். ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் இது. பக்கத்தில் வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. சர்ச்சில் வாயில் இருந்தது நம் ஊர்ச் சுருட்டுத்தான் என்று பெருமை பேசாத பெரியவரைத் திண்டுக்கல்லில் காண்பது அரிது. அந்தப் பெருமையோடு நமக்குச் சண்டையில்லை. அதன் மறுபக்கக் கணக்கைப் பேச மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

அமெரிக்காவில் 1970களின் நடுவில் நுரையீரல் புற்று கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேரே ஐந்தாண்டைக் கடந்தனர். 2010களில் நோய் கண்டவர்களில் அது ஏறத்தாழ 27 ஆயிற்று. 2018இல் லான்செட் இதழில் வந்த கான்கார்ட் ஆய்வு, 2010 முதல் 2014 வரை நோய் கண்டவர்களை நாடுவாரியாக ஒப்பிட்டது. பெரும்பாலான நாடுகள் 10க்கும் 20க்கும் நடுவில் நின்றன. ஜப்பான் 33. இந்தியா 10க்கும் கீழே.

காலப்போக்கில் எண் கூடியிருப்பதைக் கண்டு மகிழலாமா? பாதி மகிழலாம். மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறியவரும் திண்டுக்கல்லில் ஏறியவரும் சென்னைக்கு ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்கிறார்கள். மதுரைக்காரர் அதிக நேரம் பயணம் செய்ததாகச் சொல்வது பொய்யன்று. ஆனால் அவருடைய வண்டி தாமதமாகப் போய்ச் சேரவில்லை. நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால், சாகும் நாள் மாறாமலேயே 'பிழைத்திருந்த காலம்' நீண்டுவிடும். 1970களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் புகைபிடிக்கும் ஆண்கள் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பாதியினருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தது. அப்பாதியில் நோய் கண்டவர்களின் ஐந்தாண்டுப் பிழைப்பு மற்றப் பாதியைவிட ஏறக்குறைய இருமடங்கு. இரண்டு பாதியிலும் நுரையீரல் புற்றால் இறந்தோர் தொகையை எண்ணியபோதோ, பரிசோதிக்கப்பட்ட பாதியில் சாவு குறையவே இல்லை!

இதனால் முன்கூட்டியே கண்டுபிடிப்பது வீண் என்று பொருளில்லை. நெடுங்காலம் புகைத்தவர்கள் 53,000க்கும் மேற்பட்டோரிடம் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. அதில் நுரையீரல் புற்றுச் சாவுகளே 20 விழுக்காடு குறைந்திருந்தன. அது மெய்யான ஆதாயம். அந்நாட்டில் ஆண்களிடையே இந்நோயின் இறப்பு வீதம் 1990க்குப் பின் பாதிக்கும் மேல் சரிந்ததே, அதற்குத் தலையாய காரணம் புகைப்பது குறைந்ததுதான். நோயே வராமல் தப்பியவர் பிழைப்பு விழுக்காட்டின் எந்தக் கட்டத்திலும் இடம்பெறுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இனி வயது. மேலைநாட்டு அட்டவணைகளில் இளையவர்களுக்கு எண் கூடுதலாகவும் முதியவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும். முதுமையில் இதயமும் சிறுநீரகமும் ஒத்துழைப்பதில்லை என்பது ஒரு காரணம். முதியவர்களுக்குச் சிகிச்சையே குறைவாகத் தரப்படுகிறது என்பது இன்னொன்று. இது அட்டவணையில் தெரியாது. அதாவது அந்த எண்ணில் உடலின் வலிமையோடு மனிதர்கள் எடுத்த முடிவுகளும் கலந்திருக்கின்றன. அதே எண்ணைக் காட்டி அடுத்த முதியவருக்கும் சிகிச்சை வேண்டாமென்றால், எண் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும்.

நாகல் நகரில் நமக்குப் பழக்கமான எழுபது கடந்த ஒருவருக்கு இந்நோய் வந்தது. அவரிடம் நோயின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. "வயசாயிப்போச்சுண்ணே, நூத்துக்குப் பத்துப் பேருகூடத் தேற மாட்டாங்களாம். இனிப் போட்டு வதைக்கணுமா?" என்றார் மகன். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பெரியவரை யாரும் கேட்கவில்லை. திசுவை எடுத்து அது எவ்வகைப் புற்று என்று பார்க்கவும் இல்லை. சிலருடைய கட்டியில் இஜிஎஃப்ஆர் என்னும் மரபணு மாற்றம் இருக்கும். மேலைநாட்டாரைவிட ஆசியர்களிடமும், புகைக்காதவர்களிடமும் இது அதிகம். அவர்களுக்கு ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை நாளுக்கு ஒன்று போதும். கீமோதெரபியைத் தாங்க முடியாத முதியவர்களும் தாங்குகிறார்கள். இந்திய நிறுவனங்களே அதைத் தயாரிக்கின்றன. அது நோயைத் தீர்த்துவிடாது. நடமாடக்கூடிய சில மாதங்களையோ சில ஆண்டுகளையோ தரலாம். வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அந்தப் பெரியவருக்கு இருந்தது.

'இனி பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது' என்ற பேச்சும் இதே வகைதான். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004இல் வெளியானது. அறுபதில் விட்டவர்களும் சுமார் மூன்றாண்டு ஆயுள் பெற்றார்கள். முப்பதில் விட்டவர்கள் பத்தாண்டு.

இளையவர்களுக்கோ வேறு விதமான தவறு நேர்கிறது. இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிடச் சுமார் பத்தாண்டு முன்பாகவே தலைகாட்டுகிறது. அட்டவணைப்படி பார்த்தால் நமக்கு எண் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வந்துசேர்கிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் இருமினால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், காசநோய் என்று முடிவுகட்டுவது இந்நாட்டில் இயல்பு. காசநோய் அவ்வளவு பரவலாக இருப்பதால் மருத்துவரையும் முழுக்கக் குறைசொல்ல இயலாது. ஆனால் சளியில் கிருமி தென்படாமலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியபின் புற்று வெளிப்படும் கதை மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆக, இளையவருக்கு 'இந்த வயதில் புற்றா' என்று தாமதம். முதியவருக்கு 'இந்த வயதில் வைத்தியமா' என்று மறுப்பு.

சாவை எப்படி எண்ணவேண்டும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையிலிருந்து நடத்தப்படும் புற்றுநோய்ப் பதிவேடு நம் மாவட்டத்தினுடையது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் லியோன் நகரத்துப் பன்னாட்டு ஆய்வகமும் அதற்குத் துணைநின்றன. இம்மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுள்ள பெண்கள் 49,311 பேர் ஒரு பிரிவாக வைக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய சோதனையை அப்பிரிவினருக்கு அளித்தார்கள். 2007இல் லான்செட்டில் முடிவு வந்தது: அந்நோயின் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. பல ஏழை நாடுகளுக்கு வழிகாட்டிய ஆய்வு. கவனிக்க, அவர்கள் அளவுகோலாகக் கொண்டது ஐந்தாண்டுப் பிழைப்பை அன்று, இறப்பை.

நுரையீரல் புற்றுக்கும் அந்த அளவுகோலே வேண்டும் என்பது நம் கட்சி. ஆண்டுதோறும், வயதுவாரியாக, மாவட்டத்தில் எத்தனை பேர் இதனால் இறந்தார்கள் என்ற பட்டியல் பொதுமக்கள் படிக்கும் தமிழில் வரட்டும். நோயாளி எத்தனை மாதம் காசநோய் மருந்து உண்டார், கட்டியின் வகை பார்க்கப்பட்டதா என்ற இரண்டு செய்திகளையும் சேர்த்தே பதியட்டும். நம் ஊர்களில் வீட்டிலேயே நிகழும் மரணங்களுக்கு 'நெஞ்சுவலி' என்றோ 'முதுமை' என்றோ காரணம் எழுதிக்கொள்வது சர்வசாதாரணம். பதிவேட்டுப் பணியாளர் வீடு தேடி வந்து கேட்கும்போதாவது, இருமலில் தொடங்கி எது எது நடந்தது என்று மறைக்காமல் சொல்லலாம். 2022இல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. காசநோய் மருந்துக்கு அடங்காத இருமலோடு இருப்பவரை, வயது எதுவானாலும், அழைத்துப்போய் சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேட்பது நம்மால் ஆகக்கூடிய காரியம்தான்.